இந்தியாவின் கடலையும் ஆற்றையும் யார், எப்படி ஆராய்கிறார்கள்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். நம் நாட்டின் கடல், ஆறு, குளங்களில் வாழும் உயிர்களைப் பற்றி உண்மையிலேயே யாராவது ஆராய்கிறார்களா, இல்லை வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்ததையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோமா? பெரிய கப்பலும் நீர்மூழ்கியும் இருந்தால்தான் இந்த வேலை நடக்குமா? பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள் கடல் உயிரியல் படிக்கப் போகிறேன் என்கிறாள், அவளுக்கு என்ன சொல்வது? மகளைப் பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். மீன்வள ஆய்வில் இருபது வருடத்துக்கு மேல் களப்பணி செய்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

முதலில் கப்பல் விஷயத்தை முடித்துவிடலாம். இந்தியாவிடம் ஆய்வுக் கப்பல்கள் இருக்கின்றன. ‘சாகர் கன்யா’ 1983-லும் மீன்வள ஆய்வுக்கான ‘சாகர் சம்பதா’ 1984-லும் வந்தன. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் ‘மத்ஸ்யா 6000’ என்ற நீர்மூழ்கி, 2021-ல் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டத்தின் கீழ் உருவாகிவருகிறது. செய்தியில் படத்தோடு வருபவை இவைதான். வரட்டும், தப்பில்லை. ஆனால் நம் நீர்வாழ் உயிர்களைப் பற்றி இன்று தெரிந்திருப்பதில் பெரும்பகுதி, அடுத்தவர் பிடித்த மீனை அடுத்தவர் கூடைக்குள் எட்டிப் பார்த்ததில் கிடைத்தது. இருநூறு வருடத்துக்கும் முன்பு தொடங்கி இன்றுவரை அப்படித்தான்.

வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்தது என்றீர்கள். எழுதியது அவர்கள்தான். பிடித்தது யார், பெயர் சொன்னது யார்? தரங்கம்பாடியில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற லூத்தரன் பாதிரியார் இருந்தார். கரையில் கிடைத்த மீன்களைப் பாடம் செய்து பெர்லினில் இருந்த பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்புவார். பிளாக் இந்தியா பக்கம் வந்ததே இல்லை. வந்த மீன்களை மேசையில் வைத்துப் பார்த்துப் பெயர் வைத்தார். 1793-ல் ஒரு மீன் பேரினத்துக்கு ஜானின் நினைவாக ‘ஜானியஸ்’ என்று பெயரிட்டார். நாம் கத்தாளை என்று சொல்லும் மீன்களில் பல அதில் அடங்கும். அதில் ஒரு இனத்துக்கு அறிவியல் பெயர் ‘கருத்தா’. லத்தீன் அகராதியில் தேடினால் அகப்படாது. கருத்த கத்தாளை என்று தரங்கம்பாடிக் கரையில் யாரோ ஒரு மீனவர் சொன்னது பெர்லின் போய் அப்படியே உலகப் பட்டியலில் ஏறிவிட்டது.

அதே ஊரில் நடந்த இன்னொரு கதை இன்னும் சுவையானது. டேனிஷ்காரர்களின் படையில் லெப்டினன்டாக இருந்த டால்டார்ஃப் என்பவர் 1791 நவம்பரில் குளத்தங்கரைப் பனைமரம் ஒன்றின் பட்டை வெடிப்பில், தண்ணீர் மட்டத்துக்கு ஐந்தடி மேலே, ஒரு மீனைப் பிடித்தேன் என்று எழுதினார். செவுள் மூடியை ஊன்றி ஊன்றி அது மேலே ஏறிக்கொண்டிருந்ததாம். 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் இது அச்சானது. ஐரோப்பாவில் பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள். நம் ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் அந்த மீனுக்கு ஏற்கெனவே பெயரே பனையேறிதான்.

சரி, மீன் பனை ஏறுமா? இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடியவர் பி. கே. தாஸ் என்ற இந்திய விலங்கியலாளர். 1920-களில் காற்றைச் சுவாசிக்கும் நம் மீன்களை அவர் ஆராய்ந்தார். பனையேறிக்குச் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு உண்டு. அதனால் காற்றிலிருந்தே மூச்சு விடும், மழை நாளில் குளத்தை விட்டு ஊர்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். தரையில் ஊர்வது உண்மை. மரத்தில் காணப்பட்டதற்கு அவர் சொன்ன காரணம் வேறு. ஊர்ந்து போகும் மீனைக் காக்கையோ பருந்தோ கவ்விக்கொண்டு போய் மரத்தில் போட்டிருக்கும், அதுவும் சாகாமல் அங்கே நெளிந்துகொண்டிருக்கும். ஊர்ப் பெயர், வெளிநாட்டுக்காரரின் ஒற்றைச் சாட்சியம், அதன் பிறகு உடற்கூறு பார்த்து வந்த விளக்கம் என்ற இந்த வரிசையில்தான் நம் நாட்டு நீர்வாழ் உயிர் ஆய்வு மொத்தமும் வளர்ந்திருக்கிறது.

வடக்கிலும் இதே கதைதான். ஃபிரான்சிஸ் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கங்கையிலும் கிளை ஆறுகளிலும் கண்ட 269 மீன் இனங்களை 1822-ல் நூலாகப் போட்டார். பலவற்றுக்கு அவர் புதுப்பெயர் யோசிக்கவே இல்லை, வங்காளத்தில் மீனவர்கள் சொன்னதையே வைத்துவிட்டார். ரோகிதா, கட்லா, மிர்கலா, இலிஷா எல்லாம் அப்படி வந்தவை. மீன்கடையில் நாம் கட்லா அரை கிலோ என்று கேட்கும்போது வாயில் வருவதும் அந்த ஆற்றோரத்துச் சொல்தான்.

அவருக்கு அரை நூற்றாண்டு கழித்து வந்தவர் ஃபிரான்சிஸ் டே. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்து பிறகு மீன்வளத் தலைமை ஆய்வாளரானவர். 1875 முதல் 1878 வரை அவர் வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய தொகுப்பை இன்றும் மேசையில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறோம். ஒவ்வொரு மீனுக்கும் தமிழ், தெலுங்கு, மலையாளப் பெயர்களைக்கூடக் கேட்டு எழுதியிருக்கிறார். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. வருத்தமும் உண்டு. அவர் சேர்த்த மாதிரிகளில் ஒரு பெரும்பங்கு 1883-ல் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்கு விற்பனையானது. ஆகவே நம் வாய்க்காலில் பிடித்த கெண்டை ஒன்று அவர் விவரித்த இனம்தானா என்று சரிபார்க்க, சிட்னிக்கு எழுதிப் படம் கேட்கும் நிலை சில சமயம் வருகிறது.

1916-ல் கல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வகம் ஏற்பட்டது. அதன் முதல் தலைவர் நெல்சன் ஆனண்டேல். அவர் தேடிப் பிடித்த இளைஞர் சுந்தர் லால் ஹோரா. மலை ஓடைகளில் வெள்ளம் அடித்துப் போகும் இடத்தில் கல்லைக் கவ்விக்கொண்டு நிற்கும் சின்ன மீன்கள்மேல் ஹோராவுக்குப் பித்து. கிழக்கு இமயமலையின் ஓடை மீன்களுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடை மீன்களுக்கும் இத்தனை ஒற்றுமை எப்படி வந்தது, நடுவில் அவை இல்லையே என்று கேட்டார். முன்பு சாத்பூரா மலைத்தொடர் உயரமாகவும் ஈரமாகவும் இருந்திருக்கும், அதன் வழியே இவை வந்திருக்கும் என்பது அவர் ஊகம். இன்றைய மரபணு ஆய்வுகள் எல்லா இனங்களுக்கும் அது பொருந்தாது என்று காட்டிவிட்டன. இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர். அவர் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் ஒரு கிணற்றுக்குள் மறுபடியும் வரும்.

இப்போது சுதந்திரத்துக்குப் பிறகு நடந்ததற்கு வருவோம். என்னைக் கேட்டால் நம் நாட்டின் மிகப்பெரிய கடல் ஆராய்ச்சி, கடலில் இறங்காமலே நடப்பது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் சுதந்திரத்துக்குச் சில மாதம் முன்பு, 1947 பிப்ரவரியில் தொடங்கியது. ஆரம்பத்தில் சென்னை, பிறகு மண்டபம் முகாம், 1971 முதல் தலைமையகம் கொச்சி. இந்த நிறுவனம் நாட்டின் கடற்கரை முழுக்க என்ன மீன் எவ்வளவு கரை இறங்குகிறது என்று பல பத்தாண்டுகளாகக் கணக்கெடுத்துவருகிறது.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட இறங்குதளங்கள், அவற்றில் வந்து போகும் எண்ணற்ற படகுகள். எல்லாவற்றையும் எண்ண முடியாது. அதனால் மாதிரி எடுக்கிறார்கள். கடற்கரையை மண்டலங்களாகப் பிரித்து, மாதத்தைப் பத்துப் பத்து நாளாக வெட்டி, எந்தத் தளத்துக்கு எந்த நாள் போவது என்று குலுக்கல் முறையில் முடிவு செய்வார்கள். கணக்கெடுப்பவர் முதல் நாள் பகல் 12 மணிக்குப் போய் மாலை 6 வரை நிற்பார். மறுநாள் காலை 6 மணிக்கு மறுபடி போய்ப் பகல் 12 வரை. நடுவில் வரும் இரவுக்கு, ராத்திரி என்ன வந்தது அண்ணே என்று காலையில் கரையில் இருப்பவர்களைக் கேட்டு எழுதிக்கொள்வார். 15 படகு வரை வந்தால் அத்தனையும் பார்க்க வேண்டும். அதற்கு மேல் வந்தால் இத்தனைக்கு ஒன்று என்று விதிப்படி தேர்ந்தெடுக்க வேண்டும்.

எழுதும்போது சுலபமாகத் தெரிகிறது. படகு அணைந்ததும் கூடைகள் இறங்கும், இறங்கிய வேகத்தில் ஏலம் தொடங்கிவிடும், ஐஸ் கொட்டுவார்கள், வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அந்த ஐந்தாறு நிமிடத்துக்குள் எத்தனை கூடை, கூடைக்கு எத்தனை கிலோ, அதில் எந்தெந்த இனம் எவ்வளவு என்று மதிப்பிட வேண்டும். படகு எத்தனை மணி நேரம் கடலில் இருந்தது, எந்த வலை, எத்தனை ஆழம் என்பதையும் கேட்டாக வேண்டும். ஏலம் நடக்கும்போது குறுக்கே நின்றால் திட்டு விழும். நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு ஏலக்காரர், “தம்பி, மீனை எழுதுறியா இல்ல கடனை எழுதுறியா” என்று கேட்டார். நோட்டோடு வருபவர்களை வரி ஆள் என்று நினைப்பது வழக்கம். ஆறு மாதம் கழித்து அதே மனிதர்தான் வித்தியாசமான மீன் வந்தால் எனக்காக ஓரமாக எடுத்து வைப்பார்.

எடை மட்டும் போதாது, மீனின் வயதும் வேண்டும். குளிர்நாட்டு மீன்களில் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லை வெட்டினால் மரத்தில் இருப்பதுபோல வருட வளையம் தெரியும். நம் கடலில் கோடைக்கும் குளிருக்கும் அவ்வளவு வித்தியாசம் இல்லாததால் வளையம் தெளிவாக விழுவதில்லை. அதற்கு ஒரு சுற்றுவழி உண்டு. ஒரே இனத்தில் நூற்றுக்கணக்கான மீன்களை மாதாமாதம் நீளம் அளந்து, எந்த நீளத்தில் எத்தனை மீன் என்று வரைபடம் போட வேண்டும். ஒரே பருவத்தில் பிறந்த கூட்டம் அதில் ஒரு மேடாகத் தெரியும். அடுத்த மாதம் அந்த மேடு கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்திருக்கும். அது நகரும் வேகத்தைத்தான் மீன் வளரும் வேகமாக எடுத்துக்கொள்கிறோம். இதற்கு அளவுகோலும் பென்சிலும் பொறுமையும் போதும்.

இதனால் என்ன பயன் என்றால், மத்தியைப் பாருங்கள். சாளை என்றும் சொல்வோம். கேரளக் கரையில் 2012-ல் சுமார் 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-ல் கிடைத்தது 3,297 டன். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீனவர் வீட்டில் அடுப்பு எரிவதே இந்த மீனால்தான் என்ற ஊர்களில் அது என்ன நிலைமை என்று யோசித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டே 1 லட்சம் டன்னைத் தாண்டி மீண்டது. மத்தி இப்படி ஏறி இறங்குவது புதிதல்ல. மழை, கீழிருந்து சத்துள்ள குளிர்ந்த நீர் மேலே வருவது, பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ, குஞ்சு மீனை அள்ளுவது எல்லாம் சேர்ந்து அதை ஆட்டிவைக்கின்றன. ஆனால் எது எவ்வளவு காரணம் என்று பேசவாவது நீண்ட காலத் தொடர் கணக்கு வேண்டும். அது இருந்ததால்தான் எந்த மீனை எந்த நீளத்துக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று கேரள அரசு சட்டம் போட முடிந்தது. மத்திக்கு அது 10 சென்டிமீட்டர்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. நாம் எண்ணுவது பிடிபட்டதை, கடலில் இருப்பதை அல்ல. யாரும் வலை போடாத இடம் நமக்கு இருட்டு. விலை போகாத உயிர் நெடுநாள் நம் கண்ணிலேயே படவில்லை. இழுவைமடியில் வரும் உதவாத மீன், நண்டு, சிப்பி எல்லாவற்றையும் சேர்த்துச் சங்காயம் என்பார்கள். தனியாகக் குவித்துத் தூள் ஆலைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் குவியலைக் கிளறிப் பார்க்கும் பழக்கம் பெருகிய பிறகு புதிய இனங்கள் வரிசையாக வரத் தொடங்கின. கடலூர் பக்கம் முடசல் ஓடை இறங்குதளத்தில் கிடைத்த ஒரு பழுப்பு நிற விலாங்குக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ‘தமிழ்நாடுயென்சிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்தவருக்குக் கிடைத்த பரிசு அது.

கடலுக்காவது இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. ஆறுகளுக்கு அதுவும் இல்லை என்பது என் பெரிய குறை. காவிரியில் நடந்தது அதற்கு நல்ல உதாரணம்.

காவிரியின் திமில் மஹசீர் உலகத்திலேயே பெரிய கெண்டை வகைகளில் ஒன்று. 1946-ல் கபினியில் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. வெளிநாட்டிலிருந்தெல்லாம் அதைப் பிடிக்க ஆட்கள் வந்தார்கள். நூற்றைம்பது வருடம் பேரும் புகழுமாக இருந்த இந்த மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் 2018 வரை கிடையாது. இதற்கிடையில் மஹசீர் குறைகிறது, பெருக்குவோம் என்று நல்ல எண்ணத்தில் குஞ்சு பொரித்து ஆற்றில் விட்டார்கள். விட்டது நீலத் துடுப்பு மஹசீர் என்ற வேறு இனம். அது காவிரியினுடையது அல்ல. பெயர் தெரியாததால் எது சொந்தம், எது வந்தேறி என்று கேட்கவே யாருக்கும் தோன்றவில்லை.

இது வெளியே வந்த விதம்தான் எனக்குப் பிடித்தது. காவிரிக் கரையில் தூண்டில் முகாம் நடத்தியவர்கள், பிடித்த மீனை எடை போட்டு எழுதிக்கொண்டு ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். 1998 முதல் 2012 வரை எழுதிய அந்த நோட்டுகளை ஆராய்ச்சியாளர்கள் வாங்கிப் பார்த்தார்கள். மொத்த எண்ணிக்கையைப் பார்த்தால் மஹசீர் பெருகிவருகிறது, எல்லோரும் சந்தோஷப்பட வேண்டியதுதான். திமில் உள்ளது, நீலத் துடுப்பு என்று பிரித்துப் பார்த்தபோது பெருகியது முழுக்க வந்த மீன், சொந்த மீன் அழிந்துகொண்டிருந்தது தெரிந்தது. பிறகு பழைய படங்களையும் மரபணுவையும் ஒப்பிட்டு, கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து ஏற்கெனவே விவரிக்கப்பட்டிருந்த ‘டோர் ரெமாதேவி’ என்ற இனமும் இதுவும் ஒன்றே என்று 2018-ல் நிறுவினார்கள். அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. பெயர் கிடைத்த ஆண்டும் அபாய அறிவிப்பு வந்த ஆண்டும் ஒன்றாகிப்போனது. பெயர் வைப்பது என்ன பெரிய ஆராய்ச்சி என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இனி அந்தக் கிணறு. கேரளத்தில் ஏறக்குறைய வீட்டுக்கு ஒரு கிணறு. செம்பாறையில் தோண்டியவை. அந்தப் பாறைக்குள் சல்லடை மாதிரி ஈரமான இடுக்குகள் ஓடுகின்றன. அந்த இருட்டில் ஒரு மீன் உலகமே இருக்கிறது. வாளியில் தண்ணீர் இறைக்கும்போது எப்போதாவது ரத்தச் சிவப்பில், விரல் நீளம்கூட இல்லாத ஒன்று நெளியும். பார்த்தால் புழு மாதிரி இருக்கும், ஆனால் கெளுத்தி வகை. கண் கிடையாது. தோலில் நிறமி இல்லாததால் உள்ளே ஓடும் ரத்தமே நிறமாகத் தெரிகிறது. கோட்டயம் பக்கத்துக் கிணற்றில் கிடைத்ததை 1950-ல் முதலில் விவரித்தவர் அந்தப் பேரினத்துக்கு ‘ஹோராகிளானிஸ்’ என்று பெயர் வைத்தார். ஆமாம், ஓடை மீன் பித்தர் ஹோராவின் நினைவாக.

நிலத்தடி நீரில் வாழும் மீனை ஆராய்வது எப்படி? வலை போட முடியாது, முக்குளிக்க முடியாது. கொச்சியில் இருக்கும் கேரள மீன்வள, கடல் ஆய்வுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஆறு ஆண்டுகள் ஊர் மக்களிடமே சொல்லி வைத்தார்கள். கிணறு தூர் வாரும்போதும் தொட்டி கழுவும்போதும் வினோதமாக ஏதாவது வந்தால் கொட்டிவிடாதீர்கள், ஒரு பாட்டிலில் போட்டு வைத்து எங்களைக் கூப்பிடுங்கள். மக்கள் கூப்பிட்டார்கள். கோழிக்கோட்டில் ஒரு வீட்டுக் கிணற்றிலிருந்து வந்த செந்நிற அசரை வகை மீன் ஒன்று வடநாட்டு நொறுக்குத்தீனியான புஜியாவைப் போல மெலிந்து நெளிந்திருந்ததால் 2019-ல் அதன் பெயரே ‘புஜியா’ ஆனது. அறிவியலாளர்களுக்கும் பசிக்கும்தானே. 2018-ல் மலப்புறம் மாவட்டத்தில் பெருமழைக்குப் பிறகு வயலில் அகப்பட்ட விநோத மீன் ஒன்றின் படம் சமூக வலைத்தளத்தில் சுற்றியது. விராலுக்குத் தூரத்துச் சொந்தமான அது கடைசியில் தனி மீன் குடும்பமாகவே அறிவிக்கப்பட்டது. ஒரு புதிய குடும்பம் என்பது உயிரியலில் எவ்வளவு அபூர்வம் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2023-ல் இன்னொரு கண்ணில்லாத கெளுத்தி விவரிக்கப்பட்டபோது அதற்கு ‘பாப்புலி’ என்று பெயரிட்டார்கள். மக்களுடையது என்று பொருள். மீன் கொண்டுவந்து கொடுத்த வீட்டுக்காரர்களுக்காக வைத்த பெயர். தரங்கம்பாடி மீனவர் சொன்ன சொல் பெயராக ஏறியது, ஆனால் சொன்னவர் யார் என்று யாரும் எழுதவில்லை. இதில் குறைந்தபட்சம் கூட்டமாகவாவது எழுதியிருக்கிறார்கள்.

ஆற்று ஓங்கில்களை, அதாவது டால்பின்களை, எண்ணியதையும் சொல்ல வேண்டும். கங்கை ஓங்கில் மூச்சுவிட மேலே வருவது ஒரு நொடிக்குத்தான், கலங்கல் நீரில் மறுபடி காணாமல் போய்விடும். ஒரே படகில் இரண்டு குழு உட்கார்ந்து, ஒருவர் கண்டதை மற்றவருக்குச் சொல்லாமல் தனித்தனியே எண்ணுவார்கள். இருவரும் கண்டது எத்தனை, ஒருவர் மட்டும் கண்டது எத்தனை என்று ஒப்பிட்டால், இருவருமே தவறவிட்டது எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடலாம். கூடவே நீருக்குள் ஒலிவாங்கி போட்டு அதன் சத்தத்தையும் பதிவு செய்வார்கள். இப்படி 8,500 கிலோமீட்டர் ஆற்றை அளந்து 2025 மார்ச்சில் வெளியான எண்ணிக்கை 6,327. இதில் மூன்றே மூன்று பியாஸ் ஆற்றில் இருக்கும் சிந்து ஓங்கில்கள்.

ஆராய்ச்சி செய்து என்ன ஆகப் போகிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் பல நாள் தோன்றியிருக்கிறது. அப்போது ஒடிசாவின் சிலிகா ஏரியை நினைத்துக்கொள்வேன். 1914 வாக்கிலேயே ஆனண்டேலும் அவருடைய சகாக்களும் அதன் உயிர்களைப் பட்டியல் போட்டுவிட்டார்கள். நூற்றாண்டின் கடைசியில் கடலோடு சேரும் வாய் தூர்ந்து, உப்பு குறைந்து, களை மண்டி, மீன்பிடிப்பு ஆண்டுக்கு 1,700 டன் அளவுக்கு வந்துவிட்டது. புனேயில் இருக்கும் மத்திய நீர் ஆய்வு நிலையம் மாதிரி செய்து பார்த்து எங்கே வெட்டினால் நீரோட்டம் சரியாகும் என்று சொன்னது. 2000 செப்டம்பரில் மணல் திட்டை வெட்டிப் புதுவாய் திறந்தார்கள். இரண்டு ஆண்டுக்குள் மீன்பிடிப்பு 12,000 டன்னை நெருங்கியது. எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் அதற்குக் காரணம் என்று தெரிந்த பிறகு தீவைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. பாக் விரிகுடாவில் ஆவுளியா என்ற கடற்பசுவுக்காக 2022-ல் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்தார்கள். அங்கே வலையில் ஆவுளியா சிக்கினால் அறுத்து விடுபவரும் தகவல் சொல்பவரும் மீனவர்கள்தான். அவர்கள் போன் செய்யவில்லை என்றால் அது எங்கே மேய்கிறது என்று எந்த விஞ்ஞானிக்கும் தெரியாது.

சரி, உங்கள் மகள். படிப்புக்கு வழி இருக்கிறது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் நான்கு வருட மீன்வள அறிவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. பறங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்றுக் கழிமுகத்திலேயே இருக்கிறது, வகுப்பிலிருந்து இறங்கினால் சேறு. முதலிலேயே இரண்டு கசப்பான விஷயங்களையும் சொல்லிவிடுங்கள். நிரந்தர வேலைகள் குறைவு. பல வருடம் திட்ட ஊழியராக, இரண்டு வருடம் இங்கே மூன்று வருடம் அங்கே என்று ஓட வேண்டியிருக்கும். அடுத்தது அனுமதி. பாதுகாக்கப்பட்ட உயிரைத் தொட, பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் போகக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும். நான் ஒரு முறை காத்திருந்து கையெழுத்து வருவதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. நான் எண்ணப் போனது மழைக்காலத்தில் மட்டும் வரும் மீனை.

நீச்சல் தெரியாவிட்டால்கூடப் பரவாயில்லை, புள்ளியியல் தெரிந்தே ஆக வேண்டும். மாணவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான். அதோடு ஒரு மீனுக்கு நான்கு ஊரில் நான்கு பெயர் என்பதைக் காது கொடுத்துக் கேட்டு எழுதும் பழக்கமும் வேண்டும். ஆழ்கடல் கனவோடு வருபவர்கள் இந்த இரண்டையும்தான் அலட்சியம் செய்கிறார்கள்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு விடிகாலை அவளைப் பக்கத்து இறங்குதளத்துக்குக் கூட்டிப் போங்கள். ஏலக்காரர் சத்தத்துக்கு நடுவில் ஒரு மணி நேரம் நிற்கட்டும். கிளம்பும்போது நல்ல கத்தாளையாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குழம்புக்குப் போடும் முன் தலையை அவளையே பிளக்கச் சொல்லுங்கள். மூளைக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக, வெள்ளையாக இரண்டு கல் இருக்கும். கத்தாளைக்கு அது பெரிதாகவே இருக்கும், தேட வேண்டியதில்லை. கழுவிக் காயவைத்து எந்த மீன், எந்த ஊர், எந்தத் தேதி, என்ன நீளம் என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு வைக்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அவளாகவே இன்னொரு மீன் கேட்டால், அந்த விண்ணப்பத்தைப் போடலாம்.